ஆலய வளாகத்தில் படைப்பைப் பேணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழகத்தின் பங்குகளிலும் சேகரங்களிலும் (கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகளின் உள்ளூர்ப் பிரிவுகள்) பொறுப்பில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. வேதம் என்ன சொல்கிறது என்பதில் தொடங்கி, ஆலயக் கூரை, அசனப் பந்தி (சபையின் பொது விருந்து), கல்லறைத் தோட்டம், மின்கட்டணம் வரை போகிறது. வேதாகம வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தரப்பட்டுள்ளன. ஆதியாகமம் என்று இங்கே வருவதைக் கத்தோலிக்கர்கள் தொடக்கநூல் என்று வாசித்துக்கொள்ளலாம்.

படைப்பைப் பேணுவது விசுவாசத்தைச் சேர்ந்த காரியமா, இக்காலத்து சமூக சேவையா?

விசுவாசத்தைச் சேர்ந்ததுதான். “பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது” என்று 24ஆம் சங்கீதத்தின் முதல் வரி சொல்கிறது. இதை நம்புகிறவருக்கு ஆலயக் கிணறும், அதைச் சுற்றியுள்ள மண்ணும், மணிக்கூண்டில் அடையும் பறவையும் வேறொருவருடைய உடைமை. அந்த உடைமையைக் கெடுத்தால் உடையவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

நோவாவின் வெள்ளத்துக்குப் பிறகு தேவன் செய்த உடன்படிக்கையையும் கவனியுங்கள். ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் அது நோவாவோடு மட்டும் முடிவதில்லை. பேழையிலிருந்து வந்த பறவைகள், நாட்டுமிருகங்கள், காட்டுமிருகங்கள் எல்லாவற்றோடும் செய்யப்படுகிறது. ஞாயிறு பள்ளியில் வானவில்லை வரையச் சொல்கிறோம். அந்த வானவில் மிருகஜீவன்களுக்கும் கொடுக்கப்பட்ட அடையாளம் என்பதைச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது அரிதாக இருக்கிறது.

“பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள்” என்று தேவனே சொல்லியிருக்கிறாரே?

ஆதியாகமம் 1:28 அப்படித்தான் சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில், 2:15இல், மனிதனை ஏதேன் தோட்டத்தில் “பண்படுத்தவும் காக்கவும் வைத்தார்” என்றும் இருக்கிறது. ஆளுகை கொடுக்கப்பட்டது; அந்த ஆளுகையின் வேலை என்ன என்பதும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. முதல் வசனத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டதால்தான், சூழல் கேட்டுக்குக் கிறிஸ்தவமே வேர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வரலாற்றாசிரியர் லின் வைட் 1967இல் அதை வெளிப்படையாக எழுதினார். அதே கட்டுரையில் அசிசியின் பிரான்சிசை சூழலியலாளர்களின் பாதுகாவலராக அவர் முன்மொழிந்ததைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அசிசியின் பிரான்சிசுக்கு அந்தப் பட்டத்தை அதிகாரபூர்வமாகவே அளித்தார்.

ஆளுகைக்கு எல்லை போடும் கட்டளைகளும் நியாயப்பிரமாணத்தில் நிறைய உண்டு. பட்டணத்தை முற்றுகை போடும்போதுகூடக் கனிமரங்களை வெட்டக் கூடாது (உபாகமம் 20:19). கூட்டில் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது (உபாகமம் 22:6-7). ஏழாம் வருஷம் நிலத்தை ஓயவிட வேண்டும். அதில் தானாக விளைவதை எளியவர்கள் புசிக்க வேண்டும், மீதியானதை வெளியின் ஜந்துக்கள் தின்ன வேண்டும் (யாத்திராகமம் 23:11). இவை கவிதை வரிகள் அல்ல, நடைமுறைச் சட்டங்கள்.

மரத்தையும் மண்ணையும் போற்றுவது இயற்கை வழிபாடாகிவிடாதா?

வணங்குவதும் பராமரிப்பதும் ஒன்றல்ல. சூரியனையோ சந்திரனையோ கண்டு மனம் மயங்கி முத்தம் செய்திருந்தால் அது அக்கிரமம் என்று யோபு சொல்கிறார் (31:26-28). அந்த எல்லை தெளிவானது. ஆனால் “சகலமும் அவரைக்கொண்டும் அவருக்கென்றும் சிருஷ்டிக்கப்பட்டது” என்ற கொலோசெயர் 1:16ஐ அறிக்கையிடுகிறவர், அவருக்கென்று உண்டாக்கப்பட்டதைக் குப்பையாக்க முடியாது.

கடைசி நாளில் பூமி வெந்து அழியப்போகிறது என்றால், காப்பாற்றி என்ன பயன்?

கிராமச் சபைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் தெரியாமல் பேச்சை மாற்றுவதைவிட நேராக எதிர்கொள்வது நல்லது. 2 பேதுரு 3ஆம் அதிகாரம் அழிவைச் சொல்லிவிட்டு நீதி வாசமாயிருக்கும் புதிய வானத்துக்கும் புதிய பூமிக்கும் போகிறது. இடையில் பேதுரு கேட்கும் கேள்வி, நீங்கள் எப்படிப்பட்ட நடக்கை உள்ளவர்களாய் இருக்க வேண்டும் என்பது. முடிவு வருகிறது என்பதைக் கவனமின்மைக்கு அனுமதியாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நம் சரீரமும் மரிக்கப்போகிறது; அதற்காக யாரும் அதைப் பட்டினி போடுவதில்லை. வெளிப்படுத்தல் 11:18இல் “பூமியைக் கெடுத்தவர்கள்” நியாயத்தீர்ப்புக்கு உள்ளாகிறவர்களின் வரிசையில் வருகிறார்கள். ரோமர் 8:19-22இல் சிருஷ்டி முழுவதும் விடுதலைக்காகத் தவித்துக் காத்திருக்கிறது. காத்திருக்கிற ஒன்றை நாம் மேலும் நசுக்க உரிமையில்லை.

ஏழைகளுக்கு உதவுவதுதானே முதல் வேலை?

இரண்டையும் பிரிக்கவே முடியாது. நிலத்தடி நீர் உப்பாகும்போது லாரித் தண்ணீர் வாங்க முடியாத வீடுகளே முதலில் தவிக்கின்றன. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோரப் பங்குகளிலிருந்து போன ஏராளமான மீனவர்கள் திரும்பவில்லை. எந்த ஒரு புயலுக்கும் ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் கடல் சூடேறச் சூடேறப் புயல்கள் வேகமாக வலுப்பெறுகின்றன, அந்தக் கடலில் நிற்பவர்கள் நம் சபையார். பிரான்சிஸ் திருத்தந்தை 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடல் பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்வது இதனால்தான்.

‘படைப்பின் காலம்’ என்பது என்ன? கத்தோலிக்கர்களுக்கு மட்டுமா?

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை. தொடங்கியவர்கள் கத்தோலிக்கர்கள் அல்ல. கிழக்கு மரபுவழித் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு செப்டம்பர் 1 அன்று பிறக்கிறது. அந்த நாளைப் படைப்புக்கான ஜெப நாளாகக் கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தை முதலாம் திமித்ரியோஸ் 1989இல் அறிவித்தார். 2007இல் ருமேனியாவின் சிபியு நகரில் கூடிய ஐரோப்பிய ஐக்கியப் பேரவை, அசிசியின் பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை அதை ஒரு காலமாக அனுசரிக்கப் பரிந்துரைத்தது. கத்தோலிக்கத் திருச்சபை செப்டம்பர் 1ஐ ஏற்றது 2015இல்.

நமக்கு இந்தக் காலம் மிகப் பொருத்தமானது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஐந்து வாரங்கள் இவை. கூரை கழுவ, வடிகால் தூர்வார, குழி வெட்ட, பனங்கொட்டை சேர்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடப்பதால், நடைப்பயணிகள் வழியில் விடும் தண்ணீர் பாக்கெட்டுகளைப் பற்றிப் பேசவும் இதுவே சமயம். பயணக்குழு கிளம்புமுன் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்களிடம் குழாய் வைத்த டிரம் என்று சொல்லிவைத்தால் பாதிக் குப்பை வழியிலேயே குறையும்.

எதிலிருந்து தொடங்குவது?

எடை போடுவதிலிருந்து. ஒரு மாதம், நான்கு ஞாயிறும் ஒரு விசேஷமும் அடங்கும்படி, வளாகத்திலிருந்து வெளியே போகும் குப்பையை நான்கு சாக்குகளில் பிரித்து ஒரு தொங்கு தராசில் நிறுங்கள்: உணவும் இலையும், காகிதம், பிளாஸ்டிக், மற்றவை. கூடவே மின்கட்டண அட்டையில் ஓராண்டு யூனிட்டுகளையும், தண்ணீர் லாரிக்குக் கொடுத்த பணத்தையும் எழுதுங்கள். இந்த ஒரு தாளைக் கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ வைத்தால் விவாதம் தானாகச் சரியான இடத்துக்கு வரும். எடை போடாத சபைகள் பெரும்பாலும் மரக்கன்று நடுவதோடு நின்றுவிடுகின்றன. பெரிய கசிவு அசனப் பந்தலில் இருப்பது தெரிவதே இல்லை.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் நட்ட கன்றுகள் ஏன் பட்டுப்போகின்றன?

மழைக் கணக்கு தவறுவதால். தென்மேற்குப் பருவமழை கேரளத்தையும் குமரி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதிகளையும் நனைக்கும். நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம், தஞ்சைப் பகுதிகளுக்கு ஜூனிலும் ஜூலையிலும் கிடைப்பது பெரும்பாலும் வறண்ட காற்று. அந்த மாவட்டங்களில் ஜூன் ஞாயிறை ஜெபத்துக்கும் குழி வெட்டுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். நடவு அக்டோபர் நடுவில், முதல் நல்ல மழை மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கிய பிறகு.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. மேல்மண்ணைத் தனியே வைத்து, அதோடு 10 கிலோ மக்கிய சாணத்தைக் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் அது மக்கும் சூட்டில் வேர் கருகும், கறையானும் வரும். பிளாஸ்டிக் பையைக் கிழித்து அகற்றியே நட வேண்டும். ஓரத்தைக் கீறி அப்படியே இறக்கினால் வேர் உள்ளேயே சுருண்டு இரண்டாம் ஆண்டில் மரம் சாயும். பிறகு இரண்டு கோடைகளுக்கு வாரம் இரு முறை, கன்றுக்கு 15 லிட்டர். 20 கன்று என்றால் வாரத்துக்கு 600 லிட்டர். இதைச் சுமக்க ஆள் யார் என்று பெயர் எழுத முடியாவிட்டால் 20 வேண்டாம், 5 நடுங்கள். அன்பியத்துக்கு (பங்கின் சிறு குடும்பக் குழு) ஒரு மரம் என்று பிரித்துக் கொடுப்பது நன்றாக நடக்கும்.

என்ன மரம்?

வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை, கடற்கரையில் புன்னை. சுவரிலிருந்து 5 மீட்டருக்குள் பெரிய மரம் வேண்டாம், ஆலும் அரசும் கட்டடத்தின் அருகே வேண்டவே வேண்டாம். வேகமாக வளர்கிறது என்று கோனோகார்பஸ் வைக்காதீர்கள்.

இடம் இருந்தால் பனை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை விழும் பழத்தின் கொட்டையை 10 சென்டிமீட்டர் ஆழத்தில், 3 மீட்டர் இடைவெளியில் புதைத்தால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முதலில் கிழங்குதான் கீழே இறங்கும், ஓலை வெளியே தெரியப் பல மாதம் ஆகும். முளைக்கவில்லை என்று நினைத்துத் தோண்டிப் பார்ப்பதும், புல்லுக்குத் தீ வைப்பதும்தான் பனை நடவு தோற்பதற்கு முக்கியக் காரணங்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்டுவது மரத்துக்குக் கேடா?

அளவோடு எடுத்தால் கேடில்லை. தென்னைக்கும் பனைக்கும் வளரும் முனை ஒன்றே ஒன்று. விரியாத ஒரு குருத்தை மட்டும் எடுத்தால் மரம் சமாளித்துக்கொள்ளும். அரிவாள் அடிமொட்டுவரை போனால் மரமே பட்டுவிடும். சின்ன வடலிகளை (இளம் பனைகளை) விட்டுவிடுங்கள். ஒரு குருத்தில் பல ஈர்க்கு ஓலைகள் இருப்பதால், ஆளுக்கொரு ஓலை என்று பிரித்தால் 200 பேருக்குச் சில மரங்களே போதும். தனித்தனியாக வாங்கிவரச் சொல்வதுதான் வீண். ஆண்டு முடிவில் வீடுகளிலிருந்து திரும்பும் ஓலைகளைச் சாம்பல் புதனுக்கு எரிக்குமுன் ரிப்பன், பிளாஸ்டிக் பூ, பின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அந்தச் சாம்பல் மனிதர்களின் நெற்றியில் படப்போகிறது.

ஆலயக் கூரையின் மழைநீர் எவ்வளவு? எப்படிச் சேமிப்பது?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 300 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று வைத்தால் 300 × 900 × 0.8 = 2,16,000 லிட்டர். ஒரு நல்ல மழை நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அன்றைக்கு மட்டும் 12,000 லிட்டர். தமிழகத்தில் 2003 முதலே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் பல ஆலயங்களில் அன்று வைத்த குழாய் உடைந்து சுவரில் தொங்குகிறது.

முதல் சிக்கல் புறா எச்சம். உயரமான கூரையும் கோபுரமும் உள்ள கட்டடத்தில் இது வீட்டைவிடப் பல மடங்கு. ஆகவே முதல் மழையை வெளியே விட வேண்டும். கூரை கழுவ ஒரு மில்லிமீட்டர் மழையாவது தேவை. நம் கணக்கில் அது 240 முதல் 300 லிட்டர். வீடுகளுக்குப் பொருத்தும் மூடி வைத்த குழாய்த் துண்டு இங்கே போதாது, ஏனென்றால் 110 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு 9 லிட்டர்தான் நிற்கும். பிரதானக் குழாயில் ஒரு வால்வு வைத்து, மழை தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே திருப்பிவிடுவதே நடைமுறை. வால்வை யார் திருப்புவது என்று ஆலயப் பணியாளரோடு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

அடுத்து வடிகட்டித் தொட்டி. மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் மூன்றடி. அடியில் ஓரடி உயரத்துக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன்மேல் முக்காலடி 20 மில்லிமீட்டர் ஜல்லி, அதன்மேல் நைலான் வலை, வலைமேல் முக்காலடி பருமணல். வலை இல்லாவிட்டால் இரண்டே மழையில் மணல் ஜல்லிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் செப்டம்பரில் மேல் மணலில் நான்கு விரல் அளவை எடுத்து அலசிப் போட வேண்டும். தண்ணீரைப் பழைய திறந்த கிணற்றுக்கு விடுவது முதல் தேர்வு. ஆழ்துளைக்கு நேராக விடுவது கடைசித் தேர்வு, ஏனென்றால் கலங்கல் நீர் அங்கே போனால் திரும்ப எடுக்க வழியில்லை. மலக்குழியின் பக்கத்தில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி வேண்டாம். இடம் இருக்குமட்டும் தள்ளிப் போங்கள், 15 மீட்டர் இருந்தால் நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை நீரைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

நிரம்பி வழியும் நீருக்கு வழி விடுவதை எல்லாரும் மறக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். 300 சதுர மீட்டர் கூரைக்கு அது 2,80,000 லிட்டருக்கு மேல். எந்தத் தொட்டியும் இதைத் தாங்காது. வழியும் குழாய் உள்குழாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது, அது அண்டை வீட்டு வாசலில் முடியவும் கூடாது.

அசனத்தில் உணவும் தண்ணீரும் வீணாகாமல் எப்படிப் பந்தி நடத்துவது?

ஐந்தப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்த ஆண்டவர், “ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்” என்றார் (யோவான் 6:12). அற்புதத்தால் உணவு பெருகிய இடத்திலேயே இந்தக் கட்டளை. அசனப் பொறுப்பாளர்கள் பந்தல் கம்பத்தில் எழுதி ஒட்ட வேண்டிய வசனம் இதுதான்.

அளவு முதலில். சாதத்துக்கு ஒரு கிலோ அரிசி 8 முதல் 10 பேருக்கு வரும். 2,000 பேர் என்றால் 200 முதல் 250 கிலோ. கடைசிப் பந்திக்குப் பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் 300 கிலோ உலையேறுகிறது. அதற்கு மருந்து: பத்தில் ஒரு பங்கு அரிசியைக் களையாமல் தனியே வைத்து, உலைநீரை மட்டும் கொதிநிலையில் வைத்திருங்கள். பாதிப் பந்தி முடிந்ததும் எஞ்சிய கூட்டத்தை எண்ணிவிட்டுப் போடுங்கள். சாதம் அரைமணியில் வெந்துவிடும். போடாத அரிசி மூட்டையாகவே ஏழை வீட்டுக்குப் போகும். பரிமாறுகிறவர்களுக்குச் சின்னக் கரண்டி கொடுத்து இரண்டு முறை வரச் சொன்னால் இலையில் மிஞ்சுவது கண்கூடாகக் குறையும்.

தண்ணீர் டம்ளர் 2,000 வேண்டும் என்று நினைத்துத்தான் பேப்பர் கப் வாங்குகிறார்கள். பந்திக்கு 250 பேர் என்றால் ஒரு பந்தியில் ஒரு செட், கழுவலில் ஒரு செட், ஆக 500 எவர்சில்வர் டம்ளர் போதும். மூன்று அண்டா வரிசை: சோப்பு நீர், நல்ல நீர், கடைசியில் கைபொறுக்கும் சுடுநீர். இரண்டாம் அண்டா நீரை இரண்டு பந்திக்கொரு முறை மாற்ற வேண்டும். கழுவ நான்கு பேர் தேவை. இளைஞர் ஐக்கியத்துக்கு அந்த வேலையைக் கொடுங்கள், மேடையில் அவர்கள் பெயரையும் சொல்லுங்கள்.

எச்சில் இலையில் மிஞ்சிய சாதத்தை மொத்தமாக மாடுகளுக்குக் கொட்டுவது தர்மம் போலத் தெரியும். அது ஆபத்து. பழக்கமில்லாத மாடு ஒரே வேளையில் நிறையச் சாதம் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி, உப்பசம் கண்டு, செத்தும் போகலாம். இலையை மட்டும் கொடுங்கள், அதுவும் பல்குச்சி, ஊறுகாய்ப் பாக்கெட் இல்லாமல் பார்த்து. மீதியெல்லாம் உரக்குழிக்கு: 10 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். ஈரக் கழிவு ஒரு கூடைக்குக் காய்ந்த சருகு இரண்டு கூடை, மேலே சாணக் கரைசல். பதினைந்து நாளுக்கொரு முறை கிளறினால் மூன்று மாதத்தில் உரம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்றில்லை என்று பொருள்; சருகு சேர்த்துக் கிளறுங்கள். ஆட்டெலும்பை இதில் போட்டால் இரவே நாய்கள் தோண்டிவிடும். அதற்குத் தனியாக ஆழக் குழி.

எந்தெந்தப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது?

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. மேசை விரிப்புத் தாள், பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டும் கப்பும், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் கொடி ஆகியவை அதில் அடக்கம். எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடைதான். திருவிழாக் கொடித்தோரணம் இதில் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. துணியில் தைத்தால் பல ஆண்டு வரும்.

பிளெக்ஸ் பேனர் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை எரித்தால் நச்சான ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் கிளம்பும், ஆகவே வளாகத்தில் எரிக்கவே கூடாது. துணிப் பேனர் எழுதும்போது ஆண்டும் தேதியும் வரும் பகுதியைத் தனித் துண்டாகத் தைத்து மாற்றிக்கொள்ளும்படி வையுங்கள்.

எரிந்து மிஞ்சிய மெழுகை என்ன செய்வது?

உருக்கி மறுபடி வார்க்கலாம். பெரிய பாத்திரத்தில் நீர் கொதிக்க, அதனுள் வைத்த சின்னப் பாத்திரத்தில் மெழுகு. நேரடித் தீயில் வைக்கக் கூடாது. பாரபின் 50 முதல் 65 டிகிரியில் உருகிவிடும், அதற்கு மேல் சூடேற்றுவது வீண். பருத்தித் துணியில் வடிகட்டி, பருத்தித் திரி கட்டிய அச்சில் ஊற்றுங்கள். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ மேலெழும்பிப் பரவும்; மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். உருகிய மெழுகு சாக்கடையில் போனால் உறைந்து அடைக்கும்.

கல்லறைத் திருநாளுக்குக் களைக்கொல்லி தெளிப்பது சரியா?

வேண்டாம். நவம்பர் 2க்கு முன் ஒரே நாளில் சுத்தமாகத் தெரியும். ஆனால் வேர் பிடித்திருந்த மண் வெறுமையாகி, அதே வாரத்து மழையில் கரைந்து ஓடும். மருந்தின் மிச்சமும் கிணற்றுக்குப் போகும். அக்டோபர் முதல் வாரத்தில், களைகள் விதை பிடிக்குமுன் ஒரு வெட்டு. திருநாளுக்கு மூன்று நாள் முன் இன்னொரு வெட்டு. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும், வெறுங்கையில் பிடுங்கினால் பலருக்குத் தோல் அரிப்பு வரும்.

கல்லறைமேல் முழுக்கச் சிமென்ட் பூசும் வழக்கம் பரவிவிட்டது. நான்கு பக்கமும் விளிம்பு கட்டி நடுவே மண்ணை விட்டு, நித்தியகல்யாணியோ ஆவாரையோ வைக்கும்படி விதியெழுதினால் மழை உள்ளே இறங்கும். பிளாஸ்டிக் மாலைகளுக்கு வாசலிலேயே ஒரு தொட்டி வையுங்கள். இறந்தவர்களை நினைக்க வருகிறவர்களைக் கடிந்துகொள்ளாமல், அடுத்த ஆண்டுக்குச் சாமந்தி போதும் என்று சொல்லுங்கள்.

ஆலய விசிறிகளை எல்லாம் மாற்றி, சோலார் போட்டுவிடலாமா?

நல்ல மனத்தோடு பணத்தை வீணாக்கும் இடம் இது. 40 பழைய விசிறி, ஒவ்வொன்றும் 75 வாட், வாரம் 6 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 936 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி விசிறியாக மாற்றினால் 374 யூனிட். மிச்சம் சுமார் 560. யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,500 ரூபாய். விசிறிகளுக்கு 3,000 வீதம் 1,20,000 செலவு. போட்ட பணம் திரும்ப 26 ஆண்டுக்கு மேல் ஆகும். அதே 40 விசிறியைச் சபையின் பள்ளியில், நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 200 நாள் ஓடும் வகுப்பறைகளில் மாட்டினால் மிச்சம் 2,880 யூனிட். ஐந்தாறு ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும்.

சோலாரும் அப்படியே. வாரம் ஒரு நாள் திறக்கும் கட்டடத்தின் கூரை வெயிலை, வாரம் ஆறு நாள் நடக்கும் பள்ளிக்கோ விடுதிக்கோ மருத்துவமனைக்கோ கொண்டுபோக முடிந்தால் போடுங்கள். ஆலயத்தில் விளக்கை எல்இடியாக மாற்றி, ஆள் இல்லாத பக்கத்து விசிறிகளுக்குத் தனிச் சுவிட்ச் வைத்தாலே போதும்.

சபைக்குச் சொந்தமான விவசாய நிலங்களில் என்ன செய்யலாம்?

“தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்” (லேவியராகமம் 25:23) என்ற கட்டளை முதலில் நிறுத்துவது விற்பனையைத்தான். குத்தகை ஒப்பந்தத்தில் சில வரிகள் சேர்க்கலாம்: மேல்மண் விற்கக் கூடாது, வரப்பு மரத்தை வெட்டக் கூடாது, அறுவடைக்குப் பின் நிற்கும் பயிர்த் தாளை எரிக்கக் கூடாது, ஆண்டுக்கொரு முறை பசுந்தாள் உரம். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 40 முதல் 45 நாளில், பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். தாமதித்தால் தண்டு நாராகி மக்காமல் கிடக்கும். நிபந்தனை போட்டுவிட்டுக் குத்தகைத் தொகையை ஏற்றாதீர்கள். முதல் இரண்டு ஆண்டு தொகையைக் குறைத்துக்கொடுப்பதே நியாயம். ஓய்வு வருஷத்தின் பாரத்தைக் குத்தகைக்காரரின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு, நிலத்துக்கு ஓய்வு கொடுத்தோம் என்று சொல்ல முடியாது.

ஒலிபெருக்கி, வெடி?

இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000ஆம் ஆண்டு விதி. கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, வளாகத்துக்குள் நோக்கிய பெட்டி ஒலிபெருக்கி வையுங்கள். திருவிழா வெடிக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைப்பது பேரவையின் ஒரு தீர்மானத்தில் முடியும்.

தொடங்கிய வேலைகள் ஏன் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகின்றன?

பெரும்பாலும் குருவானவரோ பங்குத்தந்தையோ மாறுவதால். அவருடைய ஆர்வத்தில் நடந்த வேலை அவரோடு போய்விடுகிறது. ஆகவே வேலையைச் சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாக எழுதுங்கள்: வடிகட்டி மணல், உரக்குழிச் சருகு, டம்ளர் ஈடு, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலி. தொகை சிறிதாக இருந்தாலும் தலைப்பு இருந்தால் அடுத்தவர் வந்து கேட்பார். மூன்று பேர் குழு போதும், அதில் ஒருவராவது ஆலயப் பணியாளராகவோ துப்புரவு செய்பவராகவோ இருக்க வேண்டும். எந்தக் குழாய் எங்கே அடைக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பல கமிட்டிகளில் அவருக்கு நாற்காலியே போடுவதில்லை.

மணிக்கூண்டில் புறாவும் கூகையும் அடைகின்றன. விரட்டலாமா?

கூகையை விடுங்கள். எலியைத் தின்று வாழும் பறவை, சட்டப் பாதுகாப்பும் உண்டு. அபசகுனம் என்ற பயத்துக்கு விசுவாசத்தில் இடமில்லை. புறாக்களைத் தடுக்க நைலான் வலை கட்டலாம். கட்டுமுன் டார்ச் அடித்துக் கூடுகளைப் பாருங்கள். கூகைக் குஞ்சுகள் பறக்க எட்டுமுதல் பத்து வாரம் ஆகும், அதுவரை வேலையைத் தள்ளிவையுங்கள். பிறகும் கூகை வந்துபோகும் பக்கத்துத் திறப்பை மட்டும் திறந்தே விடலாம். சேர்ந்திருக்கும் எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கக் கூடாது, அந்தத் தூசியிலிருந்து நுரையீரல் நோய் வரும். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, வழித்துச் சாக்கில் கட்டுங்கள். உரக்குழியில் சருகோடு கலந்து மூன்று மாதம் மக்கவைத்தால் கன்றுகளுக்கு நல்ல உரம்.